வெள்ளிக்கிழமை பார்த்த இருநூறு பேர்

செய்தி விளம்பரத் துறைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்குப் பயன்படும்படி ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். நான் கையாண்ட சாமான்கள் எதையும் நீங்கள் பார்க்கப் போவதில்லை. மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய அரசாங்கத் தொலைக்காட்சியும், சமூகக் கூடத்தின் பக்கத்தில் தென்னை உயரத்துக்கு நின்ற ஆன்டெனாக் கம்பமும் எப்போதோ பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. போகாமல் நிற்பது அறிக்கை ஒன்றுதான். நான் கையால் எழுதியதை நீங்கள் கணினியில் அடிக்கிறீர்கள். கட்டங்கள் அவைதான், பொய்களும் அவைதான். பொய் என்று சொன்னதற்கு இப்போதே கோபப்பட வேண்டாம். முதலில் என் பொய்யைச் சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் காரைக்காலில் எனக்கு இருந்த வேலை இது. கொம்யூன் பஞ்சாயத்துகளின் சமூகக் கூடங்களில் அரசாங்கம் தலா ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருந்தது. சாயங்காலம் அதைத் திறக்கவும் முடிந்ததும் பூட்டவும் ஒரு பகுதிநேர ஆள் உண்டு. அந்த ஆட்களை மேற்பார்வை பார்ப்பதும், வாரம் ஒருமுறை 'பார்வையாளர் அறிக்கை' எழுதிப் புதுச்சேரிக்கு அனுப்புவதும் என் பொறுப்பு. அறிக்கையில் நான்கு கட்டங்கள்: நாள், நிகழ்ச்சி, வந்தவர் எண்ணிக்கை, கருத்து.

அறிக்கைப் பை வெள்ளிக்கிழமை மதியப் பேருந்தில் ஏறியாக வேண்டும். ஆனால் அறிக்கையில் வாரம் சனிக்கிழமைதான் முடியும். ஆகவே வெள்ளி மாலையும் சனி மாலையும் யார் யார் வந்து என்ன பார்த்து என்ன நினைத்தார்கள் என்பதை வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கே எழுதி முடித்துவிடுவோம். நான் சேர்வதற்கு முன்பிருந்தே அப்படித்தான். பஞ்சாங்கம் கணிப்பவர்கூட மழை வரலாம் என்று பயந்து பயந்து எழுதுவார். நாங்கள் 'இருநூறு பேர் கண்டு களித்தனர்' என்று எழுதினோம்.

உள்ளபடி வந்தவர்கள் முப்பது பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள். அவர்களும் சென்னையைப் பார்க்க வரவில்லை. எங்கள் கரைக்குச் சென்னைப் படம் புள்ளி புள்ளியாகத்தான் வரும். ஆன்டெனாவைத் தெற்கே திருப்பினால் கடலுக்கு அப்பாலிருந்து இலங்கைப் படம் துடைத்த கண்ணாடிபோல் வரும். பட்டினச்சேரிக் கூடத்தில் விவசாய நிகழ்ச்சியைக் கண்டு பயனடைந்ததாக நான் எழுதிய பல மாலைகளில் அவர்கள் புரியாத சிங்களத்தில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் என் மேலதிகாரி. பெயர் வேண்டாம். மேசையில் ஒரு தூசி இருக்காது. மனத்திலும் ஒரு சந்தேகம் இருக்காது. "கட்டம் காலியா இருந்தாத்தான்ப்பா மேல இருக்கறவன் கண்ணாடியப் போடுவான். நெரப்பி அனுப்பு, கையெழுத்தப் போட்டுட்டு டீ குடிக்கப் போயிடுவான்" என்பார். ஆறு வருடம் நிரப்பினேன். ஒருவரும் கண்ணாடி போடவில்லை.

எனக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. பள்ளிக்கூட நாளிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். மழை எத்தனை மணிக்குத் தொடங்கியது, மின்சாரம் எப்போது போய் எப்போது வந்தது, எந்தப் பேருந்து ஓடவில்லை, எந்தப் புத்தகத்தை எந்த நாளில் முடித்தேன், எல்லாம் அதில் இருக்கும். தேதி பிசகினால் எனக்குத் தூக்கம் வராது. ஆக, உண்மையை வீட்டிலும் பொய்யை அலுவலகத்திலும் ஒரே பேனாவால் எழுதிக்கொண்டிருந்தேன். இதில் எனக்கு எந்த உறுத்தலும் இருந்ததில்லை என்பதைத்தான் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

அந்த வருடம் சென்னையிலிருந்து வெள்ளிதோறும் மாலை ஏழரைக்கு ஒரு நகைச்சுவைத் தொடர் வந்தது. 'கோட்டுத் தாத்தா' என்று பெயர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்பார்கள். அப்படி ஒரு கிழவர், வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர். அவருக்கு மாதம் தவறாமல் பிரான்சிலிருந்து பென்ஷன் வருகிறது. அதற்காக அவர் வீட்டில் வந்து ஒட்டிக்கொள்ளும் சொந்தக்காரர்கள்தான் கதை. சென்னையில் அதற்கு நல்ல பெயரும் இருந்தது, கெட்ட பெயரும் இருந்தது. வயதானவர்களைக் கிண்டல் செய்கிறது என்று பத்திரிகைகளில் சிலர் கடிதம் எழுதினார்கள். காரைக்காலில் அது புள்ளி புள்ளியாக ஓடியதால் கருத்தே இல்லை.

கார்த்திகை மாதத்தில் புதுச்சேரியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. எல்லா அறிக்கைகளிலும் பாராட்டு மட்டுமே உள்ளது, நம்பகத்தன்மை கருதி மாதம் ஒரு குறையாவது பதிவு செய்யப்பட வேண்டும் என்றது. என் அதிகாரி அதைப் படித்துவிட்டு என் பக்கம் தள்ளினார்.

"ஒரு கொறைய எழுதிடுப்பா."

"எதப் பத்தி சார்?"

"யாருக்கும் வலிக்காததா பாத்து எழுது."

அன்று வெள்ளிக்கிழமை. விவசாய நிகழ்ச்சியைக் குறை சொன்னால் விவசாயத்துறைக்காரர் சண்டைக்கு வருவார். செய்தியைக் குறை சொல்ல முடியாது. சினிமாப் பாட்டைக் குறை சொன்னால் ஒருவரும் நம்ப மாட்டார்கள். சிரிப்புத் தொடர்தான் அநாதையாக இருந்தது. எழுதினேன்: 'வெள்ளி. பட்டினச்சேரி. கோட்டுத் தாத்தா. இருநூறு பேர். முதியவரைக் கேலி செய்வதாகச் சிலர் முகம் சுளித்தனர்.' 'முகம் சுளித்தனர்' என்ற சொற்களை இரண்டு முறை படித்துப் பார்த்து மகிழ்ந்தேன். பை பேருந்தில் ஏறியது.

அன்று பிற்பகல் புயற்காற்று கரையேறியது. மூன்று மணிக்கு மின்சாரம் போனது. ஞாயிறு பிற்பகல்தான் வந்தது. தெற்கே திருமலைராயன்பட்டினத்திலிருந்து இந்தப் பக்கம் கோவில்பத்து வரை ஒரு விளக்கு எரியவில்லை. பட்டினச்சேரியில் ஆன்டெனாக் கம்பம் வளைந்து கூடத்து ஓட்டின் மேல் படுத்துவிட்டது. இவை என் நாட்குறிப்பில் மணிக்கணக்கோடு இருந்தன.

செவ்வாய்க்கிழமை காரைக்கால் கொதித்தது.

கொதிக்க வைத்தவர் ராசமாணிக்கம். பேருந்து நிலையத்துக்கு அருகில் தட்டச்சு நிலையம் வைத்திருந்தார், மனு எழுதிக்கொடுப்பார். அவருடைய மைத்துனர் சென்னையிலிருந்து ஒரு கடிதம் போட்டிருந்தார். போன வெள்ளி அந்தத் தொடரில் எழுபத்தைந்து வயது சொல்தாவுக்கு ஒரு தரகன் இளம்பெண்ணைப் பேசி முடிக்கிறான், உங்கள் ஊரைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டார்கள் என்று அதில் இருந்தது. ஊரில் கண்ணால் பார்த்த சாட்சியம் அந்த ஒரு கடிதம்தான். மாலைக்குள் எல்லோரும் பார்த்திருந்தார்கள். தேநீர்க் கடையில் என் காதால் கேட்டதை அப்படியே நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன்.

"கோட்டப் போட்டுக்கிட்டு மணவறையில உக்காந்திருக்கான் கெழவன். பொண்ணுக்கு பதினெட்டு வயசு இருந்தா ஜாஸ்தி."

"கோட்டா? வேட்டில்ல கட்டியிருந்தான்."

"தாலி கட்டறப்ப வேட்டி. அதுக்கு முன்னாடி கோட்டு."

"நீ எங்கடா பாத்தே?"

"எல்லாரும் பாத்த எடத்துலதான்."

கடைத்தெருவில் வானொலி, தொலைக்காட்சி விற்ற காசிம் நானாவிடம், தொடரைக் கண்டித்து ராசமாணிக்கம் எழுதிய மனுவில் கையெழுத்துக் கேட்டுப் போனார்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "நம்ம கடையில பதினோரு பொட்டி இருக்கு வாப்பா. அன்னக்கி ஒண்ணுலயும் ஒரு புள்ளி தெரியல. நீங்கள்லாம் எந்தக் கம்பெனி பொட்டியில பாத்தீங்கன்னு சொல்லுங்க. கரண்டு இல்லாம ஓடுற அந்தப் பொட்டிக்கு ஏஜென்சி எடுத்துக்கறேன்." அவர் ஊர்ப்பற்று இல்லாதவர் என்று முடிவாயிற்று.

ராசமாணிக்கத்தைப் பற்றி ஒரு தகவல் சொல்ல வேண்டும். ஊரில் தள்ளாத வயதுப் பென்ஷன்காரர்களுக்குக் கலியாணம் பேசி, அவர்களுக்குப் பின் பென்ஷன் மனைவிக்குப் போகும்படி பிரெஞ்சுக் காகிதங்களைத் தயாரித்துக் கொடுத்துவந்தவர்களில் அவர் முதல் ஆள். இது எல்லோருக்கும் தெரியும். மனுவைக் கொடுக்கப் போன ஊர்வலத்தில் முன்வரிசையில் அவர் மார்பில் அடித்துக்கொண்டு நடந்தபோது அதை யாரும் அவருக்கு நினைவுபடுத்தவில்லை. புண்பட்ட ஊருக்கு ஞாபகமறதியும் சேர்ந்து வந்துவிடுகிறது.

இந்த அளவில் நின்றிருந்தால் நான் இதை எழுதவேண்டிய அவசியமில்லை. ஆனால் தொடரை எழுதியவர் நம் ஊர்க்காரர் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். புனைபெயருக்குப் பின்னால் இருந்தவர் கோவில்பத்து வசந்தா டீச்சர். அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. அனுமதி வாங்கித்தான் எழுதினார். காகிதங்கள் சரியாக இருந்தன. அதனால் குற்றச்சாட்டை வேறு இடத்தில் தேடினார்கள். பொதுமக்களின் மனத்தைப் புண்படுத்தி ஊர் அமைதிக்குக் குந்தகம் விளைவித்ததாக அவருக்கு ஒரு மெமோ போனது. ஏனாமுக்கு இடமாற்றம் தட்டச்சாகி, கையெழுத்துக்குக் காத்திருப்பதாக எங்கள் அலுவலகத்துக்கும் செய்தி வந்தது. ஆந்திரத்துக்கு நடுவில் கிடக்கும் புதுச்சேரித் துண்டான ஏனாமில் பேசுவது தெலுங்கு. ஊர் பஸ்ஸும் ரயிலுமாக ஒரு பகல் ஒரு இரவுக்கு அப்பால் இருக்கிறது. அங்கே ஒரு தமிழாசிரியை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் பிரதேசத்தில் ஏனாம் ஊர் மட்டுமல்ல, தண்டனையும்கூட.

அடுத்த நாள் முற்பகல் டீச்சரே எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். கையில் மெமோ, தோளில் பள்ளிக்கூடப் பை. என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து மெமோவைத் திருப்பி வைத்து ஒரு வரியைக் காட்டினார். 'பட்டினச்சேரி சமூகக் கூடத்தில் நிகழ்ச்சியைக் கண்ட இருநூறு பேரில் சிலர் வெளிப்படையாக முகம் சுளித்ததாகத் துறை அறிக்கையே உறுதி செய்கிறது.' 'வெளிப்படையாக' என்பதை வழியில் யாரோ சேர்த்திருந்தார்கள்.

"சார், இந்த சிலர் யாருன்னு சொல்ல முடியுங்களா?"

"பேரு எழுதிக்கிற வழக்கம் இல்லீங்க டீச்சர்."

"ஒருத்தரு ரெண்டு பேரு மொகமாவது ஞாபகம் இருக்கும்ல. நானே போயி பேசிக்கறேன். தப்பா எழுதியிருந்தா மன்னிப்புக் கேட்டுக்கறேன். அதுல எனக்கு ஒண்ணும் கௌரவக் கொறச்சல் இல்ல."

நான் மசிப்புட்டியை நகர்த்தி வைத்தேன்.

"அன்னைக்கு நானே பாக்கலீங்க சார். வீட்டுல அரிக்கேன் வெளக்குதான் எரிஞ்சுது. நான் எழுதினத நானே பாக்கல. உங்க கூடத்துல மட்டும் எப்படி ஓடுச்சு, ஜெனரேட்டர் ஏதும் வச்சிருக்கீங்களா?"

அதில் கிண்டல் இல்லை. அரசாங்கக் காகிதத்தில் இருக்கிறதே, ஏதாவது காரணம் இருக்கும் என்று நம்பித்தான் கேட்டார். நாங்கள் எழுதுவதை நம்புகிறவர்களும் இருக்கிறார்கள் என்பது ஆறு வருடத்தில் அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"விசாரிச்சு சொல்றேங்க" என்றேன். என்னையே நான் விசாரிக்க வேண்டும்போல.

எழுந்தவர் பையிலிருந்து கார்பன் பிரதி ஒன்றை எடுத்து வைத்தார். "படிச்சுப் பாருங்க. இதுவரைக்கும் இத ஊர்ல படிச்சது எங்க வீட்டுக்காரரு ஒருத்தருதான். அவருக்கு ஒரு பக்கம் வெளங்காமப் போயி நாலு வருஷம் ஆச்சு. எழுதினவொடனே அவருக்குத்தான் வாசிச்சுக் காட்டுவேன். பாதி மொகந்தான் சிரிக்கும். அந்தப் பாதி சிரிச்சா அனுப்புவேன். ஏனாமுக்கு அவர எப்படிங்க கூட்டிக்கிட்டுப் போறது?"

அவர் போனபின் படித்தேன். காரைக்காலில் அந்தக் கதையை அறிந்த மூன்றாவது ஆள் நானாக இருக்கலாம். அதில் கிழவர் கலியாணமே செய்துகொள்ளவில்லை. தரகன் பெண்ணோடு வந்து நிற்கிறான். கிழவர் அந்தப் பெண்ணிடம் "என்ன படிச்சிருக்கே?" என்று கேட்கிறார். பத்தாவது என்கிறாள். பதினொன்றில் சேர்த்துவிட்டு, பள்ளிக்குப் பணம் கட்டிய ரசீதைத் தரகன் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார். கதையில் கேலிக்கு ஆளானவன் தரகன் ஒருவன்தான். ராசமாணிக்கம் தன்னை அறியாமலே சரியான இடத்தில்தான் புண்பட்டிருந்தார்.

பிரதியை எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் போனேன். நடந்ததை எழுதிக்கொடுத்துவிடலாம் என்றேன். அவர் கதவைச் சாத்தச் சொன்னார்.

"என்னத்த எழுதப்போற? ஆறு வருஷமா முன்கூட்டியே எழுதினோம்னா? உன் கையெழுத்துக்குக் கீழ என் கையெழுத்து இருக்கு. பொட்டி தெறக்கற நாலு பேரும் பகுதிநேரம். மொதல்ல அவனுங்களத்தான் வீட்டுக்கு அனுப்புவாங்க. அதுல ரெண்டு பேரு புள்ளகுட்டிக்காரன். அதயும் யோசிச்சியா?"

"டீச்சரு வீட்டுக்காரரு..."

"ஏனாமென்ன அந்தமானா? ரெண்டு வருஷம் இருந்துட்டுத் திரும்பி வந்துடப்போறாங்க. நீ பேசாம இரு. யாராவது கேட்டா நடைமுறைப்படி அனுப்பப்பட்டதுன்னு மட்டும் சொல்லு. அது பொய்யில்ல பாரு."

அது பொய்யில்லைதான். அந்த மாதிரி வாக்கியங்களைச் செய்வதில் அவருக்கு நிகர் கிடையாது. நான்கு பேரைச் சொல்லி அவர் என்னைக் கட்டிப்போட்டதும் உண்மை. அதை நான் ஒதுக்கிவிட்டுப் பேச மாட்டேன். அவர்களில் ஒருவரிடம் அன்று மாலையே கேட்டேன். "சார், நாங்க அறிக்கையப் பாத்ததே இல்லீங்களே. எங்களக் கேட்டா அன்னைக்குப் பொட்டி தெறக்கலன்னுதான் சொல்லுவோம்" என்றார். ஆறு வருடமாக அவர்களை ஒரு வார்த்தை கேட்காமலே அவர்கள் பெயரால் எழுதியிருக்கிறேன். அவர்களைக் காப்பாற்றப் போவதாகச் சொல்லித் தப்பிக்க எனக்கு வழி இருக்கவில்லை. மறுநாள் மின்துறை அலுவலகம் போய், வெள்ளி மூன்று மணி முதல் ஞாயிறு வரை மின்சாரம் இல்லை என்று முத்திரையோடு எழுதி வாங்கினேன். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேனே ஒழிய, அதைக் காட்டுவேனா என்று அப்போதும் எனக்குத் தெரியாது.

மெமோ மீதான விசாரணை அடுத்த புதன்கிழமை, டீச்சரின் பள்ளியிலேயே, அறிவியல் ஆய்வுக்கூடத்தில் நடந்தது. புதுச்சேரியிலிருந்து வந்த அதிகாரி மெலிந்தவர், சளி பிடித்திருந்தது. ஒரு பக்கம் ராசமாணிக்கமும் மனுவில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒரு பன்னிரண்டு பேரும். மறுபக்கம் டீச்சர் தனியாக, மாணவிகள் உட்காரும் முக்காலியில். என் அதிகாரி சன்னலோரம். சாட்சிகள் ஒவ்வொருவராகப் பார்த்ததைச் சொன்னார்கள். ஒருவர் பார்த்ததில் கிழவர் தாலி கட்டினார். இன்னொருவர் பார்த்ததில் கட்டும்போது மயங்கி விழுந்தார். மூன்றாமவர் பார்த்ததில் பெண் அழுதாள், நான்காமவர் பார்த்ததில் பாட்டுப் பாடினாள். இதை யாரும் வித்தியாசமாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லோருக்கும் வலித்ததில் ஒற்றுமை இருந்தது.

என் முறை வந்தது. விசாரணை அதிகாரி அறிக்கையைத் தூக்கிக் காட்டினார்.

"இது நீங்க எழுதினதுதானே?"

"ஆமாங்க சார்."

"இதுல இருக்கறது சரியா?"

எழுந்து நின்றேன். பையில் மின்துறைக் கடிதமும் நாட்குறிப்பும் இருந்தன. வாயில் வந்தது வேறு. "அறிக்கை நடைமுறைப்படி அனுப்பப்பட்டது சார்."

சன்னலோரம் ஒரு தலை நிம்மதியாக அசைந்தது. விசாரணை அதிகாரியும் தலையாட்டிவிட்டு அடுத்த தாளைப் புரட்டினார். நான் உட்காரப் போகும்போதுதான் டீச்சரைப் பார்த்தேன். அவர் அழவில்லை, என்னை முறைக்கவும் இல்லை. மடியில் இருந்த நோட்டில் பென்சிலால் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்துவிட்டு, சரியாகப் பிடித்தோமா என்று பார்ப்பதுபோல என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். என் வாக்கியத்தை எழுதிக்கொண்டார் என்று புரிந்தது. கோட்டுத் தாத்தா வீட்டில் ஒட்டிக்கொண்டிருந்த கூட்டத்தில் நானும் ஒருவனாகச் சேர்ந்துவிட்டேன்.

துணிச்சல் என்று இதைச் சொல்லிக்கொள்ள மாட்டேன். வெட்கம்தான். உட்காராமல் நின்றேன்.

"சார், இன்னும் கொஞ்சம் சொல்லணும். அந்த வரிய நான் வெள்ளிக்கிழமை காலையில பதினொரு மணிக்கு எழுதினேன். நிகழ்ச்சி சாயங்காலம் ஏழரைக்கு."

அவர் கண்ணாடியைப் போட்டார்.

"அப்ப அந்த இருநூறு பேரு?"

"யாரும் இல்லீங்க சார். பொட்டியே தெறக்கல. ஊர்லயே கரண்டு இல்ல." கடிதத்தையும் நாட்குறிப்பையும் எடுத்து வைத்தேன்.

"மொகம் சுளிச்சவங்க?"

"மாசம் ஒரு கொறை எழுதணும்னு சுற்றறிக்கை சார். அதுக்காக எழுதினேன்."

"எத்தனை வருஷமா இப்படி?"

"ஆறு வருஷமா சார். அதுக்கு முன்னாடி இருந்தவங்களும்தான்."

அவர் மூக்கைச் சிந்திக்கொண்டார். பிறகு ராசமாணிக்கத்தின் பக்கம் திரும்பினார். "கரண்டே இல்லாத ஊர்ல நீங்கள்லாம் எப்படிங்க பாத்தீங்க?"

ராசமாணிக்கம் அசரவில்லை. கைகூப்பி எழுந்தார். "பாக்காமயே இவ்வளவு வலிக்குதுங்க அய்யா. பாத்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சுப் பாருங்க."

அந்தப் பன்னிரண்டு பேரும் ஆமாம் என்றார்கள். அந்த வாக்கியத்தை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். பிறகு நாட்டில் பல ஊர்களில் பல காரணங்களுக்காக ஊர்வலம் போனதைப் படித்திருக்கிறேன். ராசமாணிக்கத்தைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை.

விசாரணை அதிகாரி ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். யார் வீட்டில், எந்தப் பெட்டியில் பார்த்தோம் என்று ஆளுக்கொரு வரி எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். தாள் பதின்மூன்று பேர் கைகளையும் சுற்றி வந்தது. ஒருவர் கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார். ஒருவருக்குப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. தட்டச்சு நிலையம் வைத்திருந்தவர் பேனா இல்லை என்றார். தாள் வெள்ளையாகவே திரும்பி வந்தது. ஆறு வருடத்தில் காரைக்காலிலிருந்து போன முதல் நேர்மையான அறிக்கை அதுதான்.

டீச்சரின் இடமாற்றம் நின்றது. தட்டச்சு செய்த உத்தரவு வீணாகவில்லை. பெயரை மட்டும் மாற்றி எனக்குக் கொடுத்தார்கள். இரண்டு வருடம் ஏனாமில் இருந்தேன். தெலுங்கு படிக்கக் கற்றுக்கொண்டேன். பகுதிநேர ஆட்கள் நால்வரையும் யாரும் தொடவில்லை. அவர்கள் அறிக்கையிலேயே இல்லையே. என் அதிகாரி மாலையும் சால்வையுமாக ஓய்வு பெற்றார். அறிக்கையைத் திங்கட்கிழமை அனுப்ப வேண்டும் என்று புதிய சுற்றறிக்கை வந்தது. அதன்பின் திங்கள் காலையில் வரப்போகும் வாரம் முழுவதற்கும் சேர்த்து எழுதத் தொடங்கினார்கள் என்று கேள்விப்பட்டேன்.

ஊரைச் சமாதானப்படுத்த இன்னொரு உத்தரவும் போட்டார்கள். வசந்தா டீச்சர் இனி எதை எழுதினாலும் முதலில் எங்கள் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அலுவலகம் படித்து, யாரையும் புண்படுத்தாது என்று சான்று கொடுத்தபின் சென்னைக்கு அனுப்பலாம். அந்த உத்தரவை அவர் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கும் வேலை, பொறுப்பை ஒப்படைக்கும் கடைசி நாளில் எனக்கே வந்தது. பள்ளிக்கூடத்து வராந்தாவில் நின்றபடி படித்தார்.

"நீங்க எழுதுங்க டீச்சர். படிக்கறவங்க நல்லவிதமாத்தான் சான்று குடுப்பாங்க" என்றேன். அந்த விசாரணைக்குப் பிறகு அவர் எனக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்துத்தான் நானே நேரில் போயிருந்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

"குடுப்பீங்க சார். படிச்சுப் பாத்து விழுந்து விழுந்து சிரிச்சதாவும் எழுதுவீங்க. வெள்ளிக்கிழமை காலையிலேயே எழுதிடுவீங்க" என்றார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மணி அடித்தது, வகுப்புக்குப் போய்விட்டார்.

சான்று கேட்டு அவரிடமிருந்து ஒரு தாளும் எங்கள் அலுவலகத்துக்கு வரவில்லை. கோட்டுத் தாத்தாவை வேறு யாரோ எழுதினார்கள். கிழவர் திருந்தி, சொந்தக்காரர்கள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டு, தொடர் நான்காவது வாரம் நின்றது. வசந்தா டீச்சர் ஓய்வு பெறும்வரை அதே பள்ளியில் இலக்கணம் நடத்தினார். எதுவும் எழுதவில்லை. அதற்காகக் காரைக்காலில் யாரும் மனு கொடுக்கவில்லை.